உறையாத குழாய்

நான் இந்த நாட்டில் போட்ட தண்ணீர்க் குழாய்களிலேயே திறமானது மசிடன் மலைக்கு அப்பால், ஒரு தகர ஷெட்டின் மூலையில் நிற்கிறது. எவ்வளவு பனி கொட்டினாலும் அது உறையாது, வெடிக்காது. நான் செத்த பிறகும் தண்ணீர் தரும். அதைப் போட்ட கையை வெட்டிப் போடலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. கோபம் ஆறிவிட்டதா என்று மனைவி இடைக்கிடை கேட்பாள். ஆறவில்லை. ஆறக்கூடாது என்றுதான் இதை எழுதி வைக்கிறேன்.

என் தொழில் பிளம்பிங். மல்கிரேவில் வீடு, வாசலில் வான், வானுக்குள் எனக்கு மட்டுமே விளங்குகிற ஒழுங்கில் சாமான்கள். எங்கள் சனத்துக்குப் பிள்ளை டாக்டர், எஞ்சினியர் என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் சனிக்கிழமை காலையில் டாய்லெட் அடைத்துக்கொண்டால் டாக்டருக்கா போன் எடுக்கிறார்கள்? எனக்குத்தான். அதனால் தென்கிழக்கு மெல்பர்னில் ஏகப்பட்ட தமிழ் வீடுகளின் குசினி எனக்குத் தெரியும். சிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கிடந்தால் ஒரு குடும்பத்தைப் பற்றி நிறைய விளங்கும்.

அந்த வீடுகளில் ஒரு கேள்வி வரும். தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே கேட்பார்கள். "தம்பி ஊரில எவடம்?" ஊரின் பெயரைச் சொன்னால் விடமாட்டார்கள். எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி, யாருடைய மகன் என்று நூல் பிடித்துக்கொண்டே வருவார்கள். கேட்கிற வெளியாள் இதை ஊர்ப்பாசம் என்று நினைப்பான். எங்களுக்குத் தெரியும், இது சாதி விசாரிக்கிற விதம். மெல்பர்னில் யாரும் சாதியை வாய் திறந்து கேட்பதில்லை, அவ்வளவுக்கு நாகரிகம் வந்துவிட்டது. கோயிலுக்கு வடக்கா தெற்கா என்று மட்டும் கேட்பார்கள்.

எங்கள் ஆட்கள் ஊர்க் கிணற்றில் வாளியைத் தொட முடியாதவர்கள். யாராவது அள்ளி ஊற்றட்டும் என்று கிணற்றடிக்கு வெளியே குடத்தோடு காத்து நின்றவர்கள். என் அப்பாவும் நின்றிருக்கிறார். ஆகவே அந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் பதில் தயாராக இருக்கும். "டவுன் பக்கம்தான் அண்ணை. உங்கட பைப்புக்கு வோஷர் தேஞ்சு போச்சு, மாத்தட்டோ?" அதோடு கதை வோஷருக்குப் போய்விடும்.

வெட்கப்பட்டு மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மகளுக்காக மறைத்தேன். அவள் இங்கே பிறந்தவள். இந்தச் சனியன் எங்கள் இரண்டு பேரோடும் முடியட்டும் என்று அவளைக் கையில் வாங்கிய அன்றே நானும் மனைவியும் பேசி முடிவெடுத்தோம். அவளுக்குத் தேவாரம் தெரியும், நல்லூர்த் தேர் தெரியும், ஒடியல் கூழ் தெரியும். தனக்கு ஒரு சாதி இருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் வளர்ந்தாள். பல்கலைக்கழகம் போகத் தொடங்கியும் தெரியாது. வீடு வாங்கினேன், வான் வாங்கினேன் என்பதெல்லாம் எவனும் செய்கிற காரியம். நான் இந்த நாட்டுக்கு வந்து சாதித்தது அது ஒன்றுதான் என்று மனதுக்குள் ஒரு பெரிய பெருமை வைத்திருந்தேன்.

நான் மறைக்காத ஒரே ஆள் என் சிநேகிதன்.

கலியாணத்துக்கு முன்பு டண்டினோங்கில் ஓர் அறையில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தோம். ஒரு பானை, ஒரு சட்டி, இரண்டு சோற்றுக் கோப்பை. அவன் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தான், நான் ஒரு வெள்ளைக்காரப் பிளம்பருக்குக் கீழே தொழில் பழகிக்கொண்டிருந்தேன். அவன் ஊரில் மேல்சாதி ஆள், அது அவனுடைய பேச்சிலேயே தெரியும். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டுச் சொன்னேன், நாங்கள் இன்ன ஆட்கள், உனக்கு ஒத்துவராவிட்டால் நான் வேறு அறை பார்க்கிறேன் என்று. அவன் என்னை விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இஞ்ச வந்தும் அந்த விசர்க் கதையே? பசிக்குது, சோத்தைப் போடு."

போட்டேன். அவன் தன்னுடைய கோப்பையை விட்டுவிட்டு என்னுடைய கோப்பையிலேயே கை வைத்துத் தின்றான். அன்றிலிருந்து அவன் எனக்குச் சிநேகிதன் இல்லை, உடம்பில் ஒரு உறுப்பு. அவன் கலியாணத்தில் நான் மாப்பிள்ளைத் தோழன். கிளென் வேவர்லியில் அவன் வீடு வாங்கியபோது அந்த வீட்டின் தண்ணீர்க் குழாய் முழுவதையும் நான்தான் மாற்றிப் போட்டேன். வருடா வருடம் ஆடிப்பிறப்பை அங்கேதான் கொண்டாடுவோம். ஊரில் ஆடி முதல் நாள் கூழும் கொழுக்கட்டையும் என்றால் வெயிலில் வியர்க்க வியர்க்கக் குடிப்பது. இங்கே ஆடி என்றால் நடுக் குளிர், கூழுக்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது. பனங்கட்டியைச் சீவிப் போட்டு என் மனைவி அவனுடைய குசினியில் கூழ் காய்ச்சுவாள். கிண்டுவது நான்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்ததும் அவனுக்குக் கிளென் வேவர்லியில் இருக்கவேண்டிய காரணம் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்காகத்தானே அந்த விலைக்கு அங்கே வீடு வாங்குகிறோம். விற்றுவிட்டு மசிடன் பக்கம் காணியோடு ஒரு வீடு எடுத்தான். பின்னால் ஒரு பெரிய தகர ஷெட், சுற்றிவரப் புல். டண்டினோங் அறையில் இருந்த காலத்திலேயே, வயது போனதும் ஒரு காணியில் ஆடு வளர்ப்போம் என்று நாங்கள் பகிடியாகப் பேசிக்கொள்வோம். அந்த ஷெட்டைக் கண்டதும் அவன் என்னைப் பார்த்து, "மச்சான், எங்கட ஆட்டுக்கொட்டில்" என்றான். நான் நம்பினேன்.

பிறகு ஊரிலிருந்து அவனுடைய அம்மா வந்தார்.

நல்ல மனுசி. இதையும் எழுதத்தான் வேண்டும். நாங்கள் பார்க்கப் போனபோது வாசல்வரை வந்து என் மகளின் தாடையைத் தடவி, "குஞ்சு, நல்லாப் படிக்கிறியோ?" என்று கேட்டார், தன்னை அப்பம்மா என்று கூப்பிடச் சொன்னார். எனக்கும் அவருக்கும் குசினி மேசையில் தேத்தண்ணீர் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். கேள்வி வரப்போகிறது என்று எனக்கு முதுகில் தெரிந்தது.

"தம்பி ஊரில எவடம்?"

ஊரைச் சொன்னேன்.

"ஓ, எங்களுக்குப் பக்கம்தான். கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

டவுன் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். வோஷர் இருந்தது, பைப் இருந்தது, எத்தனையோ இருந்தன. ஆனால் அது என் சிநேகிதனின் வீடு. அவனுடைய அம்மாவிடம் பொய் சொல்வது அவனிடம் பொய் சொல்வது போல இருந்தது. இந்த வீட்டிலும் ஒளிக்கவேண்டும் என்றால் பிறகு எங்கேதான் ஒளிக்காமல் இருப்பது?

"கோயிலுக்குக் கீழ, குளத்துக்கு அங்கால, அன்ரி" என்றேன்.

"ஓ, அங்காலயே" என்றார். பிறகு தேத்தண்ணீரைக் குடித்தார். "பிள்ளைக்குத் தமிழ் எழுத வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. காலம் மாறிவிட்டது என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. காரில் மகள் பின்னால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருக்க, மனைவியிடம் சொன்னேன். அவள் சீட் பெல்ட்டை இழுத்த கை பாதியில் நின்றது.

"ஏன் சொன்னனீங்கள்?"

"அவன்ர தாய்தானே."

"தாய் எண்டபடியாத்தான் கேக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், மனுசரை நம்பத் தெரியாது என்று அவளோடு மல்கிரேவ் வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து, குளிர் தொடங்குகிற நேரம், அவன் போன் எடுத்தான்.

"மச்சான், பின் ஷெட்டுக்கு ஒரு பைப் இழுக்கவேணும்."

"ஆடு வாங்கப் போறியோ?"

சிரித்தான். "அதுவும் வாங்குவம். நீ முதல்ல பைப்பைப் போடு. ஆனா ஒண்டு, நடுக் குளிரிலயும் தண்ணி வரவேணும். முந்தி இருந்தவன் போட்ட பைப் போன ஆடியில வெடிச்சுப் போச்சு."

"அவன் நிலத்துக்கு மேல போட்டிருக்கிறான். வெடிக்காமல் பூவே பூக்கும்? கழுவிற தண்ணியோ, குடிக்கிற தண்ணியோ?"

எந்தப் பிளம்பரும் முதலில் கேட்கிற கேள்வி அது. இரண்டுக்கும் வேறு வேறு பைப்.

"குடிக்கிறமாதிரியே போடு" என்றான்.

ஆடு குடிப்பதற்கு இவ்வளவு பார்க்கிறானே, நல்ல மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். மடையன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும்.

மெல்பர்ன் நகரத்தில் இருப்பவர்களுக்குக் குளிர் என்றால் ஜாக்கெட்டோடு சரி. மசிடனுக்கு அப்பால் அப்படி இல்லை. தெளிந்த வானமாக இருந்து விடிந்தால் புல் வெள்ளையாகிக் காலடியில் நொறுங்கும், நாய் குடிக்கிற சட்டி கண்ணாடியாகிவிடும். வீட்டுக்குள் ஓடுகிற பைப்பை வீட்டின் சூடு காப்பாற்றிவிடும். ஹீட்டர் இல்லாத தகர ஷெட்டுக்கு யார் இருக்கிறார்கள்? பைப்பில் நிற்கிற தண்ணீர் உறைந்து வீங்கும், வீங்கினால் எந்த இரும்பும் பிளந்துவிடும். பஞ்சு சுற்றலாம், மின்சாரச் சூட்டுக் கம்பி சுற்றலாம், அதெல்லாம் சமாளிப்பு. உறையாமல் இருக்க ஒரே வழி, உறையக்கூடிய இடத்தில் தண்ணீரை விடாமல் இருப்பது.

அதற்கென்று ஒரு குழாய் உண்டு. நல்ல குளிர் நாடுகளில் பண்ணைகளில் வைப்பார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வாயும் கைபிடியும்தான். அடைக்கிற வால்வு நிலத்துக்கு அடியில், பனி எட்டாத ஆழத்தில் இருக்கும். கைபிடியைத் தூக்கினால் தண்ணீர் மேலே ஏறி வரும். இறக்கினால் கீழே அடைபடும், மேல் குழாயில் மிஞ்சி நிற்கிற தண்ணீர் அடியில் உள்ள ஒரு சின்னத் துளையால் சல்லிக்கல் நிரப்பிய குழிக்குள் வடிந்து போய்விடும். வெறும் குழாய்தான் குளிரில் நிற்கும். வெறும் குழாயைப் பனி என்ன செய்யும்? இங்கே கடைகளில் சும்மா கிடைக்கிற சாமான் இல்லை அது. தேடிப் பிடித்து வரவழைத்தேன். வந்த பெட்டியைக் குசினி மேசையில் வைத்துப் பிரித்து மனைவிக்கும் மகளுக்கும் அது வேலை செய்கிற விதத்தைக் காட்டினேன். மகள் கைபிடியைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "கூல் அப்பா" என்றாள்.

பள்ளம் வெட்டுவதுதான் பெரிய பாடு. அந்தப் பக்கம் மேலே களிமண், கீழே கருங்கல். மண் தோண்டுகிற குட்டி டிகர் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். டிகர் போன இடத்தில் டிகர், கல்லை இடித்துப் பெயர்க்க அலவாங்கு. அவன் நாள் முழுவதும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுசன், அலவாங்கு பிடித்துப் பழக்கமில்லை. உள்ளங்கையில் கொப்பளம் போட்டுவிட்டது. நீ போய் இரடா என்றால் கேட்கமாட்டேன் என்றான். கொப்பளத்துக்கு மேலே துணியைச் சுற்றிக்கொண்டு என்னோடு பள்ளத்துக்குள் நின்றான். அந்த இடத்துப் பனிக்கு முழங்கால் ஆழம் தாராளம். என் சிநேகிதனின் வீட்டு வேலை என்பதால் நான் அதையும் தாண்டி வெட்டினேன்.

மத்தியானம் சாப்பாடு பள்ளத்தடிக்கே வந்தது. அவனுடைய அம்மா கட்டிக் கொடுத்து விட்டிருந்தார். சோறு, மீன்குழம்பு, முட்டைப் பொரியல், கடைப் பெட்டிகளில், தின்றுவிட்டு எறிகிற பெட்டிகளில். அந்தப் பெட்டிகளை எங்கள் சனம் எல்லா விசேசத்துக்கும் பாவிக்கிறது. யார் யாருக்கு எதில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று இப்போது கண்டுபிடிக்க வழியே இல்லை.

"உள்ளுக்கை போயிருந்து சாப்பிடுவமே?" என்று கேட்டேன்.

"காலெல்லாம் சேறு மச்சான். இஞ்சயே சாப்பிடுவம்."

இரண்டு பேரும் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து சாப்பிட்டோம். டண்டினோங் கதைகளைச் சொல்லி வயிறு நோகச் சிரித்தோம். அவனும் சிரித்தான். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. என்னத்துக்காக வெட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு, என் பக்கத்தில் இருந்து, அவன் அப்படிச் சிரித்தான்.

வேலை முடிந்து சல்லி கொட்டி மூடி, ஷெட்டின் கொங்கிரீட்டில் துளை போட்டுக் குழாயை நிறுத்தினேன். கீழே ஒரு பேசின் வைத்தேன். அவன் கேட்கவில்லை, நானாக வைத்தேன். கைபிடியைத் தூக்கினதும் தண்ணீர் கக்கிக்கொண்டு வந்தது. உறைபனி கொட்டிய முதல் காலையில் அவன் வீடியோ அனுப்பினான். புல்லெல்லாம் வெள்ளை, ஷெட் கூரை வெள்ளை, அவன் கைபிடியைத் தூக்குகிறான், தண்ணீர் வருகிறது. அதை வேலை இடத்தில் கண்டவன் நின்றவனுக்கெல்லாம் காட்டினேன்.

ஆடிப்பிறப்பு வந்தது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வரச் சொல்லியிருந்தான். வேறு குடும்பங்களும் வருகின்றன என்றான். மனைவி பனங்கட்டியும் வறுத்த பயறும் எடுத்துக்கொண்டாள், அவள் கையால் கூழ் காய்ச்சுவதுதானே வழக்கம். நாங்கள் போய் இறங்கும்போது புல்லில் பனி இன்னும் கரையவில்லை. அவன் கேற்றடிக்கே வந்து நின்றான். வீட்டுப் படியில் கால் வைக்கப் போன என் தோளில் கை போட்டு, "வா மச்சான், முதல்ல உன்ர பைப்பைப் பார்" என்று ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ஷெட்டை வடிவாக ஒதுக்கி வைத்திருந்தான். பழைய கம்பளம், கதிரைகள், ஒரு மேசை. மேசையில் ஒரு சின்னச் சட்டியில் கூழ், கடதாசிக் கோப்பைகள், கொழுக்கட்டை, தேத்தண்ணீருக்குக் கேத்தல். "கூழ் காய்ச்சியாச்சோ?" என்று மனைவி கேட்டாள். "அம்மா விடியவே காய்ச்சிப்போட்டா அக்கா, நீங்கள் ஏன் கஷ்டப்படுவான்" என்றான். மனைவி பனங்கட்டிப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். வந்த மற்றக் குடும்பங்கள் ஷெட்டுக்கு வந்து எங்களோடு கதைத்தார்கள், என் குழாயைப் பார்த்துப் பாராட்டினார்கள், பிறகு குளிர்கிறது என்று ஒவ்வொருவராக வீட்டுக்குள் போய்விட்டார்கள். நாங்களும் எழும்பினால் அவன், "இருங்கோ இருங்கோ, இன்னும் ரெண்டு கொழுக்கட்டை" என்பான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மனைவிக்கு உறைத்துவிட்டது. அவள் கூழைத் தொடவில்லை, கோப்பையில் ஆடை படிந்துவிட்டது.

மகள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் வெறும் போத்தலோடு திரும்பி வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அப்பா, அப்பம்மா குசினிக்க வரவேண்டாமாம். உங்களுக்கெண்டு அங்க வேற பைப் போட்டிருக்குத்தானே குஞ்சு எண்டு சொல்லுறா. வை டூ வீ ஹாவ் எ செப்பரேட் டாப்?"

சொல்லிவிட்டு என் குழாயின் கைபிடியைத் தூக்கிப் போத்தலைப் பிடித்தாள். மனைவி எழும்பிப் போய் அவள் கையிலிருந்து போத்தலைப் பறித்தாள். அப்படி ஒரு வேகத்தை நான் அவளிடம் கண்டதில்லை. தண்ணீர் பேசினுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் கைபிடியை இறக்கினேன்.

வெளியே போனேன். அவன் வீட்டுப் படியால் இறங்கி வந்துகொண்டிருந்தான். என் முகத்தைக் கண்டதும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"மச்சான், அம்மா பழைய ஆள். அவவை இனி என்னெண்டு திருத்திறது?"

"அம்மாவை விடு. என்னைக் கொண்டு ஏன் போடுவிச்சனீ?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். வந்திருக்கிறவர்கள் கேட்டுவிடுவார்கள் என்று குரலைத் தாழ்த்தினான். அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது, அவ்வளவு அன்பான குரல்.

"உங்களைக் கூப்பிடவே வேண்டாம் எண்டு நிண்டவ. நான் விடேல்லை. அவை வராட்டி எனக்கு ஆடிப்பிறப்பே இல்லை எண்டு சண்டை பிடிச்சனான். கடைசியில ஷெட்டில எண்டால் சரி எண்டு சம்மதிச்சவ. குளிருக்க நீங்கள் வந்திருந்து தண்ணி இல்லாமல் கஷ்டப்படக்கூடாது எண்டுதான் உறையாத பைப்பாப் போடச் சொன்னனான். வேற ஆரும் போட்டால் வெடிச்சிருக்கும். நீயெண்டால் வடிவாப் போடுவாய் எண்டு தெரியும்."

என்னைக் காப்பாற்றியதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எனக்காகப் போராடி எனக்கு ஒரு தனிக்குழாய் வாங்கித் தந்திருக்கிறான், நான் நன்றி சொல்லவேண்டும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நான் அலவாங்கு பிடித்து, கருங்கல் உடைத்து, சல்லி கொட்டிச் செய்திருக்கிறேன். என் அப்பாவைக் கிணற்றடிக்கு வெளியே நிறுத்தியவன் அப்பாவைக் கொண்டே அந்த இடத்தை வெட்டுவிக்கவில்லை. பக்கத்தில் இருந்து சாப்பிட்டுச் சிரிக்கவும் இல்லை.

"டண்டினோங்கில என்ர கோப்பையில திண்டனீ" என்றேன்.  

"அது அப்ப. இப்ப அம்மா இருக்கிறா. அம்மா இருக்கிற வரைக்கும்தானே மச்சான், கொஞ்சம் பொறு."

பொறுமை கடலிலும் பெரிது என்று எங்களுக்குத்தான் எப்போதும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் வானுக்குப் போய் இருந்ததிலேயே பெரிய ஸ்பனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். கழுத்தில் ஒரு அடி போட்டால் போதும், அந்தக் குழாய் முடிந்துவிடும். கையை ஓங்கினேன். அதன் நேர்த்தியைப் பார்த்தேன், ஒரு துளி ஒழுக்கு இல்லை. என் கை இறங்கிவிட்டது. மனைவி ஸ்பனரை வாங்கிக்கொண்டாள். பனங்கட்டிப் பையையும் எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு தரம் அவன் போன் எடுத்தான். ஓட்டிக்கொண்டிருந்தபோது யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன். ஷெட் குழாய் விடிய உறைந்துபோய் நிற்கிறது, என்ன செய்யலாம் என்றான், ஒன்றுமே நடக்காதவன் போல. "ஹோஸைப் பூட்டிவிட்டா மேல நிக்கிற தண்ணி கீழ வடியாதடா, கழட்டிவிடு" என்று என் வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொல்கிறேன் என்று உறைத்தது. கட் பண்ணினேன். அன்று முழுவதும் என் வாயை நானே திட்டினேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டோடு முடியவில்லை. அன்றைக்கே வானில் திரும்பி வந்தோம். கால்டர் ஹைவேயில் சன்பரி கழியும்வரை மகள் பின்னால் இருந்து யோசித்துக்கொண்டு வந்தாள். பிறகு தனக்குத் தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.

"ஆராவது செத்துப்போச்சினமாப்பா? எங்களுக்குத் துடக்கா?"

"இல்லை" என்றாள் மனைவி.

"நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிட்டிட்டு வந்தமெண்டு நினைச்சவவோ? ஐ டிடின்ட் ஈவின் ஹாவ் பிரேக்ஃபஸ்ட்."

"இல்லையம்மா."

"அப்ப நான் ஏதும் பிழை விட்டனானா? அப்பம்மாவுக்கு என்னிலயா கோபம்?"

அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. பெற்றோல் ஸ்டேசன் ஒன்றில் திருப்பி, ஒரு ஓரமாக நிறுத்தினேன். மனைவி என்னைப் பார்த்தாள், சொல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக என் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும்போது இனி எதை மறைப்பது?

சொன்னேன். ஊரில் இப்படி ஒன்று இருக்கிறது, ஆட்களை இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கிணறு இப்படி, கோயில் இப்படி, அப்பப்பா இப்படி நின்றார். அவள் போத்தல் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப நாங்கள் என்ன? எங்கட பேர் என்ன?"

அந்தச் சொல்லை ஆஸ்திரேலியாவில் நான் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான். டண்டினோங்கில்கூட இன்ன ஆட்கள் என்று சாடையாகத்தான் சொல்லியிருந்தேன். என் மகளுக்கு அதை முழுதாகச் சொன்னேன். அவள் புதுத் தமிழ்ச் சொல் எதைக் கேட்டாலும் செய்வது போல அதை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். உச்சரிப்புப் பிழையாக இருந்தது. அவளுடைய தமிழை அந்த இடத்திலேயே திருத்துவது என் வழக்கம். அன்று நான் திருத்தவில்லை.